கையெழுத்துப் போடாத டெல்லி சார்

எங்கள் படிப்பகத்தின் செயற்குழு சென்ற புதன்கிழமை மாலை அவசரமாகக் கூடி, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் கைப்பிடி வைத்த நாற்காலியை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யாரும் உட்காராமல் காலியாக விடுவது என்று ஒருமனதாக முடிவெடுத்தது. படிப்பகத்தின் வரலாற்றில் இவ்வளவு பெரிய முடிவு இவ்வளவு விரைவில் எடுக்கப்பட்டதில்லை. நாளிதழ் மேசையை சன்னலோரம் நகர்த்துவதற்கே ஒன்றரை ஆண்டு ஆனது. செயற்குழுவில் ஐந்து பேர். மூன்று பேர் வந்திருந்தோம். நான்கு என்பது எந்த மரபிலிருந்து வந்தது என்று நான் கேட்டேன். இரண்டு வாரம் போதாதா என்றும் கேட்டேன். இரண்டு கேள்விகளும் கூட்டக் குறிப்பில் இல்லை. செயலாளர் என்ற முறையில் குறிப்பை எழுதுகிறவன் நான்தான்.

அந்த நாற்காலியில் பதினோரு ஆண்டுகள் அமர்ந்தவர் திரு. சூசைநாதன் அவர்கள். அதற்கு முன் முப்பத்து நான்கு ஆண்டுகள் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்திலும், இடையிடையே வெளிநாட்டுத் தூதரகங்கள் சிலவற்றிலும் பணியாற்றினார். சென்ற திங்கட்கிழமை விடியற்காலை, ராயபுரத்தில் தம் வீட்டில், தூக்கத்திலேயே காலமானார். யாருக்கும் தொந்தரவு தராத சாவு. அதிலும் அவர் முந்திக்கொண்டார்.

செய்தியைச் சொன்னவர் காதர் பாய். படிப்பகத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கிறார். ஆறரை மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், நம்ம டெல்லி சார் பூட்டாரு. காலைல டீ எடுத்துகினு போனேன், அம்மா அழுதுகினு நிக்கிறாங்க. நான் இங்கதான் கீறேன். நீ வா சார்."

எனக்கு வருத்தம் வந்தது. ஆனால் வருத்தம் வந்து சேர்வதற்குள் வேறொன்று வந்துவிட்டது: வரும் ஞாயிற்றுக்கிழமை யார் பேசுவது என்ற கேள்வி. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். அவரைப் பற்றி உண்மையாக எழுத வேண்டுமென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நானும் அவரும் மாதா கோயில் பள்ளியில் ஒரே பெஞ்சு. பள்ளி முடிந்தபின் ஒன்றாக உட்கார்ந்து மத்திய அரசின் எழுத்தர் தேர்வை எழுதினோம். அவரைவிட நான் முன்னால் வந்தேன். எனக்கு இரண்டு பணி ஆணைகள் வந்தன. ஒன்று சென்னைத் துறைமுகத்தில், மற்றொன்று டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தில். துறைமுகத்தில் குடியிருப்பு கொடுத்தார்கள். டெல்லியில் குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்துவிடும் என்று என் அம்மா எங்கோ கேள்விப்பட்டிருந்தார். நான் டெல்லிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, வர இயலாமைக்கு வருந்தினேன். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் சூசைநாதனுடையது.

அவரை வழியனுப்ப சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். ரயில்வேயில் கார்டாக இருந்த அவருடைய சித்தப்பாவின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மே மாதம். வியர்வை வழிய சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ வேணாம்னதாலதான்டா நான் போறேன். இத மறக்க மாட்டேன்," என்றார். மறக்கவில்லை. பிற்காலத்தில் என் தொல்லையே அதுதான்.

டெல்லியில் முதலில் தபால் பிரிவில் இருந்தார். பிறகு நெறிமுறைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெளிநாட்டுத் தலைவர்கள் வரும்போது யார் எங்கே நிற்பது, எந்தக் கொடி எந்தப் பக்கம், யாருடைய நாற்காலி யாருடைய நாற்காலிக்கு அடுத்து என்று பார்த்துக்கொள்ளும் பிரிவு. வெளிநாட்டுத் தூதரகங்களுக்குப் போகும்போதெல்லாம் அங்கிருந்து எனக்கு அட்டைகள் அனுப்புவார். ஒவ்வொன்றிலும் நான்கு வரி, ஓர் அழகான தபால்தலை. அதே நாடுகளிலிருந்து வரும் கப்பல்கள் என்னிடமும் வந்தன. நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது என் வேலை. ஒரே நாட்டின் மனிதர்களை அவரும் மூட்டைகளை நானும் பார்த்தோம்.

அப்போதுதான் படிக்கத் தொடங்கினேன். ஓய்வு நாட்களில் எழும்பூரில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போய், வெளியுறவு அமைச்சகத்தின் வரலாறு எங்கெல்லாம் அகப்படுமோ அங்கெல்லாம் தேடினேன். வெள்ளைக்காரர் காலத்தில் சமஸ்தானங்களையும் எல்லைப்புறங்களையும் ஒருசேரக் கவனித்த ஒரு துறை அது. பின்னர் இரண்டாகப் பிரிந்தது, சுதந்திரத்தை ஒட்டிப் பெயர் மாறியது, மறுபடி மாறியது. முதல் பிரதமர் இறக்கும்வரை அந்தப் பொறுப்பைத் தம்மிடமே வைத்திருந்தார். வெளியுறவுச் செயலருக்கும் மேலே பொதுச் செயலாளர் என்று ஒரு பதவி இருந்து, பிறகு இல்லாமல் போனது. அமைச்சர்களையும் செயலர்களையும் வரிசைப்படி என்னால் சொல்ல முடியும், இடைக்காலப் பொறுப்பு வகித்தவர்கள் உட்பட. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை இதைச் செய்யக்கூடியவர் வேறு யாரும் இல்லை. செய்யச் சொல்லிக் கேட்டவரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஓய்வுபெற்றபின் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்த வரலாற்றைத் தொடர் உரையாக ஆற்றினேன். வருகைப் பதிவேட்டில் வாரம் ஆறு, ஏழு கையெழுத்துகள் விழும். பொதுச் செயலாளர் பதவி ஒழிந்த கதைக்கு மட்டும் மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டேன். ஒன்பதாவது அமைச்சரை எட்டிய ஞாயிற்றுக்கிழமை சூசைநாதன் அவர்கள் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டெல்லியைக் காலி செய்துகொண்டு மனைவி பிலோமினா அம்மாளுடன் ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது.

உரை முடிந்ததும், மரியாதைக்காக, அவரை இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த இரண்டாவது பெரிய தவறு அது. முதலாவது அந்த அஞ்சலட்டை.

அவர் எழுந்து, "சார் சொன்னது எல்லாம் கரெக்ட்டு," என்று தொடங்கினார். சபையில் என்னை எப்போதும் சார் என்றே சொல்வார். பிறகு, தாம் பார்த்த ஓர் அமைச்சரைப் பற்றிச் சொன்னார். "அவரு முடிவு எடுத்துட்டா பேனாவ மூடிடுவாரு. மூடலன்னா இன்னும் யோசனைல கீறாருன்னு அர்த்தம். வெளிநாட்டுக்காரங்க உள்ள உக்காந்துகினு இருப்பாங்க. நாங்க கதவு இடுக்குல பேனாவப் பாத்துகினு நிப்போம். மூடினா வண்டிய வாசலுக்குக் கொண்டாரணும். மூடலன்னா இன்னொரு டீ."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். ஏழு பேரும் என் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்த கால அட்டவணையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தார்கள். காதர் பாய் கடையை விட்டு மேலே வந்து, கடைசியில் பேனாவை மூடினாரா இல்லையா என்று கேட்டார். அந்த வாரமே நூலகத்துக்குப் போய்ப் பன்னிரண்டு புத்தகங்களில் தேடினேன். ஒன்றிலும் பேனா இல்லை.

அடுத்த ஞாயிறு இருபது பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு மாடிப்படியில் நின்றார்கள். மீன் விற்கும் தேசம்மாள், கூடையைப் படியோரம் இறக்கிவைத்துவிட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். என் வரலாறு ஒன்பதாவது அமைச்சரோடு நின்றது. யாரும் அதை நிறுத்தவில்லை. பத்தாவது அமைச்சர் எப்போது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சூசைநாதன் அவர்கள் ஒவ்வொரு வாரமும் பேச்சைத் தொடங்குமுன் என்னைக் கைகாட்டி, "இவரு வேணாம்னு சொன்ன எடத்துக்குத்தான் நான் போனேன். இல்லன்னா இன்னிக்கு நீங்க இவரு பேச்சக் கேட்டுகினு இருப்பீங்க," என்பார். சபை சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். அதை அவர் நன்றியாகத்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் சொன்னவற்றில் எல்லோர் நினைவிலும் நிற்பது தூதர்களின் வரிசை. விழாக்களில் எந்த நாட்டுத் தூதர் முன்னால் நிற்பது என்பதில் சண்டை வராமலிருக்க ஒரு மரபு உண்டு. நியமனக் கடிதத்தைக் குடியரசுத் தலைவரிடம் யார் முதலில் கொடுத்தாரோ அவர் முன்னால். இது புத்தகத்திலும் இருக்கிறது; நானே அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். அவர் சொன்னபோதுதான் தேசம்மாளுக்குப் புரிந்தது.

"பெரிய நாடு, சின்ன நாடு கெடையாதும்மா. ஒரு தீவு. நம்ம காசிமேடு அளவுதான் இருக்கும். அதோட தூதர் முன்னால நிப்பாரு. கப்பல் கப்பலா பீரங்கி வெச்சிகினு கீறவன் பின்னால நிப்பான். முதல்ல வந்தவங்க முதல்ல."

"ஒத்துக்குவானுங்களா?" என்று தேசம்மாள் கேட்டார்.

"எதுக்கு ஒத்துக்கணும்? நாற்காலி அங்கதானே போட்டு வெச்சிருக்கேன்."

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த தண்ணீர் லாரி விவகாரத்தையும் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் சாலையோரம் முழுக்க வரிசை கட்டி நின்றதால், தண்ணீர் லாரிக்கு நிற்க ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. அது மேல் சந்துக்கா, கீழ் சந்துக்கா என்பது தகராறு. நான் மேல் சந்து. சூசைநாதன் அவர்களும் தேசம்மாளும் கீழ் சந்து. ஒரு செவ்வாய்க்கிழமை தேசம்மாளின் குடம் மிதிபட்டு உடைந்தது. மறுநாள் கைகலப்பு நடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தபோது, கீழ் சந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

அரசுகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும் குறிப்புக்கு ஒரு முறை உண்டு. நான், நீங்கள் என்ற பேச்சே வராது. வணக்கத்தில் தொடங்கி மதிப்பில் முடிய வேண்டும். உறவை முறித்துக்கொள்வதாக எழுதினாலும் இப்படித்தான். கையெழுத்து கூடாது. அந்த முறையில் எழுதியிருந்தார்.

"கீழ் சந்து, மேல் சந்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை காலை லாரியின் அருகே ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு நேர்ந்ததைக் கீழ் சந்து கவலையுடன் கவனித்திருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற ஏற்பாட்டை மேல் சந்து பரிசீலிக்கக்கூடும் என்று நம்புகிறது. மேல் சந்தின்மீது தனக்குள்ள உயர்ந்த மதிப்பை இந்தச் சந்தர்ப்பத்தில் மீண்டும் உறுதிப்படுத்துகிறது."

எங்கள் சந்தில் இதை மூன்று முறை உரக்கப் படித்தார்கள். பிறந்ததிலிருந்து எழுத்து மூலமாக யாரும் எங்களுக்கு வணக்கம் சொன்னதில்லை. பாதிப் பேருக்கு அங்கேயே கோபம் போய்விட்டது. பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பல ஆண்டுகளாக நான் காத்திருந்த வேளை அது. மூன்று பக்கம் எழுதினேன். எல்லைப்புறத் துறையில் தொடங்கி, நதிநீர் குறித்த முன்னுதாரணங்கள் வழியாக லாரிக்கு வந்தேன். கடைசியில் என் பெயர், பட்டம், படிப்பகச் செயலாளர் என்ற பதவி எல்லாவற்றோடும் கையெழுத்துப் போட்டேன்.

குறிப்பில் கையெழுத்து கூடாது என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தவன் நான். எழுதும்போதும் அது நினைவில் இருந்தது. இருந்தும், பெயரில்லாமல் போனால் இதையும் அவர்தான் எழுதிக்கொடுத்தார் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம் கையை ஓட்டிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் என் கடிதம் திரும்பி வந்தது. தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட ஒரு தனிப்பட்ட கடிதத்தைக் கீழ் சந்து மரியாதையுடன் திருப்பி அனுப்புவதாக மேலே ஒரு வரி. கொண்டுவந்தவர் தேசம்மாள். அவருக்கு விஷயம் முழுவதும் தெரிந்திருந்தது.

"இன்னா சார், எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்துட்டு நீயே கையெழுத்து போட்டுகீற? சந்து தண்ணி கேக்குதா, நீ கேக்கிறியா?"

அன்று மாலை சூசைநாதன் அவர்கள் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள். என் மூன்று பக்கத்தை நான்கு வரியாக்கிச் சொன்னார், நான் எழுதினேன். முடிந்ததும் என் விரல்கள் தாளின் அடியிலேயே நின்றன. அவர் பார்த்துவிட்டார். தனியாக இருந்ததால் பழைய பேச்சு வந்தது.

"முப்பத்து நாலு வருசம் எழுதிகினு இருந்தேன்டா. ஒண்ணுலயும் என் பேரு கெடையாது. பழகறதுக்கே பத்து வருசம் ஆச்சு. ஒனக்கு ஒரு சாயங்காலத்துல வருமா?"

நான் பேனாவை மூடினேன். மறுநாளிலிருந்து லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் நின்றது. இன்றும் அப்படித்தான் நிற்கிறது. பதிலை எழுதியது என் கையாக இருந்தும், அதை டெல்லி சார்தான் எழுதினார் என்று இரண்டு சந்துகளும் நம்புகின்றன. அது உண்மையும்கூட.

படிப்பகத்தின் பதிவேட்டிலும் அவர் ஒருநாளும் கையெழுத்திட்டதில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்பார். ஆகவே எங்கள் ஆவணங்களின்படி, திரு. சூசைநாதன் அவர்கள் பதினோரு ஆண்டுகளில் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. மற்றவர்கள் வந்திருக்கிறார்கள். பக்கத்துக்கு முப்பது, முப்பத்தைந்து கையெழுத்துகள். முதலாவது என்னுடையது.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். காதர் பாய் கூப்பிட்டதும் நான் உடனே கிளம்பவில்லை. சட்டையைத் தேய்த்தேன். பிறகு மேசையில் உட்கார்ந்து இரங்கலுரை எழுதத் தொடங்கினேன். கல்லறையில் யாராவது பேச வேண்டியிருக்கும். அமைச்சகத்தின் வரலாற்றில் அவருடைய காலத்தை வைத்துப் பேச என்னைத் தவிர ஆள் இல்லை. நான்கு பக்கம் வந்தது. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

பிலோமினா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்களப் பத்திதான் எப்பவும் பேசுவாரு. 'அவன் மட்டும் டெல்லிக்குப் போயிருந்தா செக்ரட்டரியா ஆயிருப்பான்'னு சொல்லிகினே இருப்பாரு," என்றார். எழுத்தராகச் சேர்ந்தவர் வெளியுறவுச் செயலர் ஆவதற்குப் பணி விதிகளில் வழியில்லை. இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் நான் அதைத் திருத்தவில்லை.

மாலை நான்கு மணிக்குப் பெட்டியை எடுக்கும்போது சிக்கல் வந்தது. பெட்டிக்குப் பின்னால் முதலில் நடப்பது கீழ் சந்தா, மேல் சந்தா, கோயில் சபையா, படிப்பகமா? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தேன். வாயைத் திறப்பதற்குள் தேசம்மாள் பேசிவிட்டார்.

"இதுல இன்னா யோசனை? அவரு சொன்ன ரூலுதான். முதல்ல வந்தவங்க முதல்ல. சேதி கேட்டு யாரு மொதல்ல வூட்டாண்ட வந்தது? பாய். பாய், நீ முன்னால நில்லு. அப்பால நான். இந்தத் தெருவே அப்பால வந்துச்சி. சார், நீ எப்ப வந்த?"

நான் நேரத்தைச் சொன்னேன். அவர் கையால் திசையைக் காட்டினார்.

பெட்டிக்குப் பின்னால் காதர் பாய் நடந்தார். அவருக்குப் பின்னால் தேசம்மாள். பிறகு கீழ் சந்து, மேல் சந்து, கோயில் சபை, லாரி ஓட்டுநர், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பலர். டிரெய்லர்களை ஓட்டி வந்தவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். கடைசியாக நான் நடந்தேன். எனக்குப் பின்னால் சாலை மட்டும் இருந்தது. என் இடத்தில் என்னை நிறுத்திவைப்பதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று அப்போது தோன்றியது. நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் குருவானவர் ஜெபித்து முடித்தார். இரங்கலுரைக்கு யாரும் அழைக்கவில்லை. ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தபோது உதிரி மண் தீர்ந்துபோய், வெட்டிப் போட்ட கட்டிகள்தான் கிடந்தன. குழி வெட்டியவர் தம் மண்வெட்டியால் ஒரு கட்டியைத் தட்டி உடைத்து என் கையில் வைத்தார். சட்டைப்பையில் நான்கு பக்கங்கள் இருந்தன. மண்ணை மட்டும் போட்டேன். விழுந்த சத்தம் கேட்டது. மற்றவர்களுடையது கேட்கவில்லை.

அந்த நான்கு பக்கங்களில் வரலாற்றை நீக்கிவிட்டு மிஞ்சியதுதான் இந்தக் கட்டுரை. அவரிடம் விடைபெற அவருடைய முறையையே கடன் வாங்கிக்கொள்கிறேன். மேல் சந்து, கீழ் சந்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. திங்கட்கிழமை விடியற்காலை நேர்ந்ததை மேல் சந்து ஆழ்ந்த கவலையுடன் கவனித்திருக்கிறது. காலி செய்யப்பட்ட இடம் ஒருகாலத்தில் தனக்கு வந்த இடம்தான் என்பதை இதற்கு மேலும் வலியுறுத்த அது விரும்பவில்லை. திரு. சூசைநாதன் அவர்கள்மீது தனக்குள்ள உயர்ந்த மதிப்பை, சற்றுத் தாமதமாக, மீண்டும் உறுதிப்படுத்துகிறது.

செயற்குழுவின் முடிவுப்படி நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலி காலியாக விடப்பட்டது. மற்ற முப்பத்தைந்து நாற்காலிகளையும் வழக்கம்போல் போட்டிருந்தோம். பத்தாவது அமைச்சரிலிருந்து நான் உரையைத் தொடர்ந்தேன். வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து இருக்கிறது.